மகாஓயாச் சுடுதண்ணியும் மதீனாவின் கறுத்த கல்லும்: நம்மட நிலம் கிழிந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

"சேர், மகாஓயாவில சுடுதண்ணி வருதே, அதுக்குக் கீழ எரிமலை இருக்கா?" இந்தக் கேள்வி வகுப்பில் வராத வருசம் இல்லை. பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி. ஆனால் எங்காவது நில நடுக்கம் என்று செய்தி வந்துவிட்டால் இதே கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. யார் பேசியது என்றே தெரியாத ஒரு குரல்பதிவு, "அம்பாறைக்குக் கீழே எரிமலை விழித்துவிட்டது, இன்ஷா அல்லாஹ் எல்லாரும் பாதுகாப்பாக இருங்கள்" என்று குழுவுக்குக் குழு ஓடும். வயதானவர்கள் அன்றிரவு உறங்குவதில்லை.

சுருக்கமான பதில்: மகாஓயாவுக்குக் கீழே எரிமலை இல்லை. இலங்கையில் எங்குமே உயிருள்ள எரிமலை கிடையாது. ஆனால் நம்மட கிழக்கு மண்ணுக்குக் கீழே ஒரு காலத்தில் பூமி இழுபட்டது, வெடித்தது, அந்த வெடிப்புகளில் நெருப்புக் குழம்பு ஏறியது. அதன் தழும்பு இன்னும் நிலத்தில் இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் குரல்பதிவுக்குப் பயப்படத் தேவையில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில், எரிமலைக் குழம்பு எப்படி உண்டாகிறது?

பூமிக்குள் முழுக்கக் குழம்பு நிறைந்திருக்கிறது, எங்காவது ஓட்டை விழுந்தால் பீறிட்டு வரும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நாம் நிற்கிற புவியோடு கண்டங்களில் ஏறத்தாழ 35 முதல் 40 கிலோமீற்றர் தடிப்பு. அதற்குக் கீழே இன்னும் ஆழத்தில் 1,300 பாகை செல்சியஸ் அளவு சூடான பாறை இருக்கிறது. அந்தச் சூட்டில் அது உருகியிருக்க வேண்டும். ஆனாலும் உருகாமல் கல்லாகவே இருக்கிறது. காரணம், மேலே கிடக்கிற பாறைகளின் பாரம். அந்த அழுத்தம் அதை உருக விடுவதில்லை.

இதற்கு உதாரணம் நம்மட குசினியில் இருக்கிறது. பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் சூடாக இருக்கும். அழுத்தம் திடீரென்று குறைந்தால், நெருப்பைக் கூட்டாமலே அது பொங்கி எழும். அதனால்தான் ஆவி போக முன்னர் மூடியைத் திறக்காதே என்று உம்மாமார் சத்தம் போடுகிறார்கள். பூமிக்குக் கீழேயும் அதே விதிதான். சூடு கூடத் தேவையில்லை. அழுத்தம் குறைந்தால் போதும், கல்லின் ஒரு பகுதி உருகிவிடும்.

அழுத்தத்தைக் குறைப்பது எது? இழுவை. பராட்டாக் கடையில் மாவை இரண்டு பக்கமும் இழுக்கும்போது நடுப்பகுதி மெலிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். புவியோடும் இரண்டு பக்கம் இழுபட்டால் நடுவில் மெலிகிறது. மெலிந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து சூடான பாறை மெல்ல மேலே எழும்புகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, உருகுகிறது. உருகிய குழம்பு சுற்றியுள்ள கல்லைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே மேலே போக வழி தேடும்.

வழி கொடுப்பவை பிளவுகள். புவியோடு இழுபடும்போது அதன் மேற்பகுதி மாவைப் போல வளைந்து கொடுக்காது. கோடை வயலைப் போல வெடிக்கும். ஒரு பக்கம் கீழே இறங்கும், மறு பக்கம் மேலே நிற்கும். பெரும்பாலும் அந்த வெடிப்பு புது இடத்தில் வராது. கிழிந்து தைத்த சாரன் மறுபடியும் தையல் ஓரத்தில்தான் கிழியும். அதே போல, முன்னொரு காலத்தில் பாறைத் தொகுதிகள் மோதி ஒட்டிய கோடுகளும் பழைய பிளவுகளும்தான் மறுபடி திறக்கும். இதில் ஒன்றை மனதில் வையுங்கள்: குழம்பை உண்டாக்குவது இழுவை, அதற்குப் பாதை விடுவது பிளவு. பிளவு இருக்கிறது என்பதற்காக மட்டும் எரிமலை வராது.

உம்றாவுக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். மதீனாவைச் சுற்றிக் கறுத்த, கரடுமுரடான கல்வெளிகள் இருக்கின்றனவே, அவைதான் ஹர்ரா. நகரத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு ஹர்ரா உண்டு என்பது மார்க்க வகுப்பில் படித்ததுதான். அந்தக் கல் முழுவதும் ஆறிய எரிமலைக் குழம்பு.

ஆபிரிக்காவையும் அரேபியாவையும் பிரிக்கிற செங்கடல் ஏறத்தாழ 30 மில்லியன் ஆண்டுகளாக அகன்று வருகிறது. (1 மில்லியன் என்பது 10 இலட்சம்.) இன்றும் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக அது விலகிக்கொண்டிருக்கிறது. அந்த இழுவை கடலோடு நிற்கவில்லை. அரேபியாவின் மேற்குப் பகுதி நிலத்துக்குக் கீழேயும் குழம்பு உண்டாகி, பிளவுகள் வழியே மேலே வந்தது.

ஹிஜ்ரி 654, ஜமாதுல் ஆகிர் மாதத் தொடக்கம். கிறிஸ்து ஆண்டில் 1256 ஜூன் இறுதி. மதீனாவில் சில நாட்கள் தொடர்ந்து நிலம் அதிர்ந்தது. அதன் பிறகு நகரத்தின் தென்கிழக்கே, ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமான ஒரு பிளவில் நெருப்பு வெளிவந்தது. குழம்பு 20 கிலோமீற்றருக்கும் மேல் ஓடி, நகரத்தை 10 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்துக்கு நெருங்கி, வடக்கே திரும்பி நின்றது. 52 நாட்கள் எரிந்ததாகப் பதிவு இருக்கிறது. ஹிஜாஸிலிருந்து வெளிப்படும் நெருப்பைப் பற்றிய ஹதீஸ் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த இமாம் நவவி, ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விளக்கத்தில் இந்தச் சம்பவத்தைத் தம் காலத்து நிகழ்வாகவே குறிப்பிடுகிறார்.

அன்றைக்கு மதீனா மக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பள்ளியில் கூடி அழுது தௌபாச் செய்தார்கள், அடிமைகளை விடுதலை செய்தார்கள். அதே நேரம் எழுதவும் செய்தார்கள். எந்த நாள் அதிர்ந்தது, எந்தத் திசையில் நெருப்பு, எவ்வளவு தூரம் ஓடியது என்று கடிதங்களில் எழுதி டமஸ்கஸுக்கு அனுப்பினார்கள். அங்கே வரலாற்றாசிரியர் அபூ ஷாமா அவற்றைத் தம் நூலில் சேர்த்து வைத்தார். 700 ஆண்டுகளுக்குப் பிறகு புவிச்சரிதவியலாளர்கள் அந்தக் கல்வெளியை அளந்தபோது அந்தப் பழைய எழுத்துகள் அவர்களுக்கு உதவின. இறையச்சமும் சரியான தகவலும் அவர்களிடம் ஒன்றாகவே இருந்தன.

அதே மதீனா மாகாணத்தில் 2009இலும் ஒன்று நடந்தது. ஹர்ரத் லுனய்யிர் என்ற கல்வெளியில் ஏப்ரல் முதல் ஆயிரக்கணக்கான சிறு நடுக்கங்கள். மே 19 அன்று 5 அளவைத் தாண்டிய ஒரு நடுக்கம். பாலைவனத்தில் 8 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் வெடித்தது. அல்-ஈஸ் பகுதியிலிருந்து பல்லாயிரம் பேரை அரசு வெளியேற்றியது. ஆனால் குழம்பு வெளியே வரவே இல்லை. பூமிக்குக் கீழே ஒரு பிளவுக்குள் செங்குத்துச் சுவர் போல ஏறி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்று இறுகத் தொடங்கியது. இப்படிப் பிளவுக்குள் ஏறி உறைந்த பாறைச்சுவருக்கு "டைக்" என்று பெயர். சுவர் வெடிப்பில் சீமெந்துக் கலவையை விட்டு நிரப்பினால் எப்படியோ அப்படி.

லுனய்யிரில் 2009இல் நடந்தது போன்ற ஒன்று நம்மட கிழக்கிலும் நடந்திருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 150 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்.

நம்மட நிலத்தை முதலில் பார்ப்போம். இறக்காமத்து வயல்களுக்கு நடுவே தலைநீட்டும் கற்குன்றுகளை உடைத்துப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். இவை விஜயன் தொகுதி என்ற பாறைக் கூட்டத்தைச் சேர்ந்தவை. கிழக்கு, தென்கிழக்கு இலங்கை பெரும்பாலும் இந்தத் தொகுதிதான். இதன் மூலப்பாறை ஏறத்தாழ 1,000 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் குழம்பாக இருந்து இறுகியது. பின்னர் ஏறத்தாழ 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதியபோது, மலைநாட்டின் பாறைத் தொகுதியோடு ஒட்டப்பட்டது. அந்த மோதலின் சூட்டிலும் நெரிசலிலும்தான் இந்தப் பட்டைகள் உண்டாயின. வீட்டு அத்திவாரத்துக்கு நாம் கொட்டுகிற சல்லிக்கல்லுக்கு இவ்வளவு வயது.

மோதி ஒட்டிய அந்தப் பெரிய நிலத்தின் பெயர் கோண்ட்வானா. இந்தியா, இலங்கை, மடகஸ்கார், ஆபிரிக்கா, அந்தார்ட்டிக்கா, அவுஸ்திரேலியா எல்லாம் ஒரே நிலம். நமக்கு வங்காள விரிகுடா இருக்கிற பக்கத்தில் அப்போது கடல் இல்லை, அந்தார்ட்டிக்கா இருந்தது. அங்கே லுட்சோ-ஹோம் விரிகுடாவில் ஜப்பானியரின் சியோவா ஆய்வு நிலையம் 1957 முதல் இருக்கிறது. அந்தச் சுற்றாடல் பாறைகளும் இலங்கைப் பாறைகளும் ஒத்துப் போவதைக் கண்டு, 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இங்கே வந்து நம் நாட்டவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். பனிக்கண்டத்துப் பாறையின் உறவு இலங்கையில் கிடைத்தது.

பிறகு அந்தப் பெரிய நிலம் இழுபடத் தொடங்கியது. நம் நாட்டில் அதற்கு மூன்று சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி புத்தளம் பக்கத்தில், தப்போவையில் இருக்கிறது. அங்கே பழைய பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம் பிளவுகள் வழியே கீழே இறங்கிப் பள்ளமானது. அந்தப் பள்ளத்தில் ஜுராசிக் காலத்துச் சேறும் மணலும் படிந்தன, பன்னம் போன்ற தாவரங்களின் சுவடுகள் கல்லாகக் கிடைக்கின்றன. நிலம் இழுபட்டு நடுப்பகுதி இறங்கியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இரண்டாவது சாட்சி மன்னார் வளைகுடா. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலும் நிலம் கிழியத் தொடங்கியது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் பாக்கு நீரிணை இன்றும் பெரும்பாலும் 15 மீற்றருக்குக் குறைந்த ஆழமுள்ள கடலாக இருக்கிறது. தெற்கே மன்னார்ப் படுகையில் கிழிவு கொஞ்சம் ஆழமாகப் போனது. 2011இல் அங்கே எரிவாயு தேடித் துளையிட்டபோது, கடலடிப் படிவுகளுக்கு இடையே எரிமலைப் பாறையும் அகப்பட்டது.

மூன்றாவது சாட்சி நம்மட பக்கம். விஜயன் தொகுதிப் பாறைகளைக் குறுக்கறுத்து, பெரும்பாலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, கரிய பாறைச்சுவர்கள் ஓடுகின்றன. டொலரைட் என்ற கல். பட்டை எதுவும் இல்லாமல், நெருக்கமாக, கறுப்பாக, உடைத்தால் மணி போல் ஒலிக்கும். இவை டைக்குகள். கிழக்கிலுள்ள ஒரு டைக்கின் வயதை அளந்தபோது ஏறத்தாழ 150 மில்லியன் ஆண்டு என்று வந்தது.

இப்போது காலத்தைப் பொருத்திப் பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் அந்தார்ட்டிக்காவை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 130 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். டைக் ஏறியது அதற்கு 20 மில்லியன் ஆண்டு முந்தி. அதாவது நிலம் முழுவதும் கிழிவதற்கு நெடுங்காலம் முன்னரே இழுவை தொடங்கிவிட்டது. ஓடு மெலிந்து, கீழே கல் உருகி, வெடிப்புகளில் குழம்பு ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் கடல் வந்தது.

மேற்கில் பாதியில் நின்ற கிழிவு கிழக்கில் முழுமையாகிவிட்டது. அந்தார்ட்டிக்கா தெற்கே போய்விட, நடுவில் புதிதாகக் கடலடி உண்டானது. கல்முனையிலோ நிந்தவூரிலோ ஆழ்கடலுக்குப் போகிற மீனவரைக் கேளுங்கள். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஆழம் சடுதியாகக் கூடும். அதற்கப்பால் 3,000 மீற்றருக்கும் மேல். மேற்குக் கடலும் கிழக்குக் கடலும் இவ்வளவு வித்தியாசமாக இருப்பதற்கு அந்தக் கிழிவும் ஒரு முக்கியக் காரணம்.

நிலம் பிரிந்த பிறகு இழுவை நம்மை விட்டுக் கடலின் நடுவுக்குப் போய்விட்டது. இலங்கை இன்று ஒரு புவித்தகட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஓடு மறுபடி தடித்து உறுதியாகிவிட்டது. இழுவை இல்லையென்றால் புதிதாகக் குழம்பு உண்டாவதில்லை. பிளவுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

அப்படியென்றால் மகாஓயாவில் சூடு எங்கிருந்து வருகிறது?

டைக்கிலிருந்து வருகிறதா என்று கேட்பீர்கள். சில மீற்றர், சில பத்து மீற்றர் அகலமான குழம்புச் சுவர் 150 மில்லியன் ஆண்டு சூடாக இருக்காது. அது ஆறிப் பல கோடி வருசமாகிவிட்டது. காரணம் அதைவிட எளிமையானது. பூமியில் எங்கே துளையிட்டாலும் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை சூடு கூடும். பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்ற மூலகங்கள் மெல்லச் சிதைவதாலும், பூமியின் ஆழத்திலிருந்து வருகிற வெப்பத்தாலும் அந்தச் சூடு. மழைத்தண்ணீர் பழைய பிளவுகள் வழியே சில கிலோமீற்றர் ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, இன்னொரு பிளவு வழியே மேலே வருகிறது. ஊற்றுநீரை ஆய்வுகூடத்தில் சோதித்தபோது அது மழைத்தண்ணீர்தான் என்று தெரிந்தது, குழம்பிலிருந்து வந்த நீர் அல்ல.

மகாஓயா, கபுரெல்ல, பதியத்தலாவைப் பக்கத்து வஹவ, தெற்கே மதுநாகல என்று வெந்நீரூற்றுகளை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை மலைநாட்டுத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஒட்டியே வரிசையாக இருக்கும். 550 மில்லியன் ஆண்டுக்கு முன் ஒட்டிய அதே தையல். மகாஓயாவில் 50 பாகைக்கு மேல் போகிற தண்ணீர், திருகோணமலைக் கன்னியாவில் 40 பாகையை ஒட்டித்தான் இருக்கும். எரிமலைச் சூடு என்றால் இப்படி அடங்கி, ஆண்டாண்டாக ஒரே அளவில் இருக்காது.

அப்போ நமக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அது வேறு திசையிலிருந்து வருகிறது.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது நாம் அதை உணரவே இல்லை. அங்கே நடந்தது இழுவை அல்ல, அதற்கு எதிரானது. ஒரு புவித்தகடு இன்னொன்றுக்குக் கீழே நெரித்துக்கொண்டு புகுகிற இடம் அது. இந்தோனேசியாவின் எரிமலைகளும், அந்தமானில் உயிரோடிருக்கிற பேரன் தீவு எரிமலையும் அந்த வளைவில்தான் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் கரைக்கு வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, 10,000 பேருக்கும் மேல். இறக்காமத்துக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் சொந்தம் இல்லாத வீடு நம்மட ஊரில் எது?

அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு சரியான செய்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் நடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் விலகினார்கள். பெரிய அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முறை வேலை செய்தது. இன்று நம் மாவட்டத்திலேயே, அம்பாறைக்குப் பக்கத்திலுள்ள புத்தங்கலையில், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் நில நடுக்கப் பதிவு நிலையம் ஒன்று இருக்கிறது. நாட்டுக்குள் அவ்வப்போது வருகிற சிறு நடுக்கங்களையும் இத்தகைய நிலையங்கள் பதிகின்றன. பழைய பிளவுகள் கொஞ்சம் அசைந்து கொடுப்பதால் அவை வரலாம். எரிமலைக்கு அவை முன்னறிவிப்பு அல்ல.

நான் பயப்படுவது இதற்குத்தான்: எரிமலை என்று பத்துத் தடவை பொய்ச் செய்தி கேட்ட காது, பதினோராவது தடவை உண்மையான சுனாமி எச்சரிக்கை வரும்போது அதையும் "ஆ, இதுவும் வாட்ஸ்அப் கதைதான்" என்று தள்ளிவிடும். அது உயிரோடு விளையாடுகிற விளையாட்டு.

ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு குரல்பதிவு வந்தால் அனுப்பியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடம்? எத்தனை மணிக்கு? யார் அளந்தது? பதில் இல்லையென்றால் உங்களோடு அதை நிறுத்திவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையமோ வளிமண்டலவியல் திணைக்களமோ கரையை விட்டு விலகச் சொன்னால் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் விலகுங்கள், கரையோரச் சொந்தங்களுக்கும் உடனே கோல் எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகாஓயாவில் குளித்துவிட்டுத் திரும்பாதீர்கள். கையில் ஒரு வெப்பமானி கொண்டு போங்கள். ஒவ்வொரு கிணற்றின் சூட்டையும் பிள்ளைகளைக் கொண்டே அளந்து, திகதியோடு கொப்பியில் எழுத வையுங்கள். அடுத்த வருசம் போகிற வகுப்புக்கு அந்தக் கொப்பியைக் கொடுங்கள். பத்து வருசத்துக் கொப்பி கையில் இருந்தால், "மகாஓயா கொதிக்கத் தொடங்கிவிட்டது" என்று யாராவது சொல்லும்போது நம்மட பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.